நாற்காலி உயரத்தில் ஒரு தோட்டம்

காகிதத்தில் தோட்டம் வரையும்போது அம்மா பருந்தாகிவிடுவாள். எல்லாவற்றையும் மேலிருந்துதான் பார்ப்பாள். மரம் ஒரு வட்டம். பாதை ஒரு கோடு. மனிதர்கள் வெறும் புள்ளிகள்.

குழந்தைகள் மருத்துவமனைக்கு முன்னால், கட்டடத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே, நீளமாக வெறும் மண் கிடந்தது. அதைத் தோட்டமாக்கும் வேலை அம்மாவுக்குக் கிடைத்தது. பள்ளி விடுமுறை. மகளும் கூடவே போனாள்.

மகளை எல்லோரும் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி. கேள்வி கேட்டால் குத்தும்.

அம்மா ஒரு பாட்டிலில் வெள்ளை மணலை நிரப்பினாள். அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மண்ணில் கோடு விழுந்தது. நேர்க்கோடு இல்லை. வளைந்து, பருத்து, மெலிந்து, கடைசியில் வால்போல முடிந்தது. அந்த வாலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு புறப்பட்டது.

"ஏம்மா, வரிசையா நட்டா அழகா இருக்காதா?"

"பள்ளிக்கூடத்துல பிரேயருக்கு நிக்கிற மாதிரி இருக்கும். ஒரு செடியைத் தனியா நட்டா அது புள்ளி. அதே செடியை நீளமா, சாய்வா, கூட்டமா நட்டுப் பாரு. அலை!"

"அங்க என்ன, பாம்பு படமா வரையிறீங்க?"

நடைபாதையிலிருந்து அதட்டலாக ஒரு குரல். சக்கர நாற்காலியில் ஒரு பையன். இரண்டு காலிலும் கட்டு. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒரு நர்ஸ் அண்ணன். அந்த நாற்காலியைப் பையன் 'என் கப்பல்' என்பான். அதனால் மருத்துவமனை முழுக்க அவனுக்குப் பெயர் கேப்டன். வயது ஒன்பது. அதட்டுவதில் அறுபது.

"பாம்பு இல்ல, அலை. பூ அலை," என்றாள் குண்டூசி.

"எப்போ பூக்கும்?"

"செடி வரணும். வேர் பிடிக்கணும். மழை பெய்யணும்."

"அதெல்லாம் முடியாது. நாளைக்கே பூக்கச் சொல்லு."

நர்ஸ் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "பாத்தியா, செடிக்கே உத்தரவு போடுறான்."

கேப்டன் சிரிக்கவில்லை.

"அடுத்த வாரம் என்னை வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்க. பெரிய ஆபரேஷன். திரும்பி வர ரொம்ப மாசம் ஆகும். அதுக்குள்ள எல்லாம் பூத்து, வாடி, குப்பைக்குப் போயிடும்."

குண்டூசி அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, காத்துக்கிட்டு இருக்கிற பூ இருக்கா?"

அம்மா நிமிர்ந்தாள். "இருக்கு. நித்தியகல்யாணி, வாடாமல்லி, நீல சால்வியா. மழை, பனி, வெயில் எல்லாத்தையும் பாத்துட்டு, பூத்துக்கிட்டே இருக்கும். என்ன, வாடின பூவோட தலையை யாராவது அப்பப்போ கிள்ளிவிடணும். அப்பத்தான் மறுபடி மொட்டு வைக்கும்."

"நான் கிள்ளுறேன்."

"கிள்ளுறதுல நீ கெட்டிக்காரிதான். உங்க டீச்சரே சொல்லியிருக்காங்க."

குண்டூசி திரும்பி ஓடினாள். "நீ வர்ற வரைக்கும் பூ இருக்கும். சத்தியமா."

"இருந்தா போதாது. என் கப்பல்ல இருந்து பாத்தா தெரியணும்," என்றான் கேப்டன்.

செடிகள் வண்டியில் வந்து இறங்கின. எல்லாம் சின்னச் சின்னக் கறுப்புப் பைகளில். நடுவதற்கு முன்னால், பையோடு கோட்டுக்குள் அடுக்கிப் பார்ப்பது அம்மாவின் வழக்கம். கட்டடத்தை ஒட்டிக் குட்டைச் செடிகள். நடுவில் வாடாமல்லி, சால்வியா. நடைபாதை ஓரத்தில், நீளமாக, இறகுபோலக் கதிர் விடும் உயரமான புல்.

மாடி ஜன்னலிலிருந்து பெரிய டாக்டர் பார்த்தார். "பிரமாதம்! நாளைக்கு நட்டுடுங்க!" என்றார்.

மாலையில் கேப்டன் வந்தான். அவனுக்கு எது என்ன செடி என்று சொல்லிக் காட்டக் குண்டூசி புல் வரிசைக்குள் போய் நின்றாள்.

"ஏய், நகரு. நீ மறைக்கிற. பின்னாடி ஒண்ணுமே தெரியல," என்று கத்தினான் கேப்டன்.

குண்டூசி நகரவில்லை. அவள் முகம் மாறியது.

"அம்மா! இந்தப் புல்லு எவ்வளவு உயரம் வளரும்?"

"உன் உயரம் வளரும்."

"அப்போ கேப்டனுக்குப் பூ தெரியாதும்மா. புல்லுதான் தெரியும்."

"கொஞ்சம் எட்டிப் பாத்தா தெரியும்டி. பெரிய டாக்டரும் சரின்னுட்டார். தொந்தரவு பண்ணாதே."

குண்டூசி யோசித்தாள். பிறகு நர்ஸ் அண்ணனின் காதில் ஏதோ சொன்னாள். அவர் உள்ளே போய் ஒரு பச்சைப் பெட்ஷீட்டும், காலி சக்கர நாற்காலி ஒன்றும் கொண்டுவந்தார்.

"அம்மா, இதுல ஒரு நிமிஷம் உக்காரேன்."

"எதுக்கு? எனக்கு வேலை இருக்கு."

"உக்காருங்க! இது உத்தரவு!" என்றான் கேப்டன்.

அம்மா உட்கார்ந்தாள். குண்டூசி ஒரு முனையையும் நர்ஸ் அண்ணன் மறுமுனையையும் பிடித்து, புல் வரிசை நெடுகப் பெட்ஷீட்டைக் குண்டூசியின் உயரத்துக்கு விரித்து நின்றார்கள்.

"என்னம்மா தெரியுது?"

"பெட்ஷீட் தெரியுது."

"அதுதாம்மா புல்லு."

அம்மா இடப்பக்கம் சாய்ந்து பார்த்தாள். வலப்பக்கம் சாய்ந்து பார்த்தாள். எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினாள். பச்சைத் துணி. வேறொன்றும் இல்லை.



"நான் மேல இருந்தே பாத்துட்டேன்," என்றாள் அம்மா மெதுவாக. எழுந்தாள். காலாலேயே மணல் கோட்டை அழித்தாள். "அலையைத் திருப்பிப் போடலாம். பாதையை மறிச்சு ஓடக் கூடாது. பாதையில இருந்து உள்ளே ஓடணும். குட்டை முன்னாடி, நெட்டை பின்னாடி. நடுவுல பள்ளம் பள்ளமா இடம் விடணும், கண்ணு உள்ளே போறதுக்கு."

"மாடியில இருந்து?"

"அங்க இருந்தும் அழகாத்தான் இருக்கும். பருந்து கோவிச்சுக்காது."

இருட்டும் வரை பைகளை மாற்றி அடுக்கினார்கள். அம்மா அடிக்கொரு தடவை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். கேப்டன் பாதையில் இருந்தபடி, "இன்னும் தள்ளு! இன்னும் கொஞ்சம்! ஆங், நிறுத்து!" என்று கப்பல் ஓட்டினான்.

அவன் வேறு ஊருக்குப் போன அன்று செடிகளில் இலை மட்டும்தான் இருந்தது.

மழை வந்தது. முதலில் நித்தியகல்யாணி பூத்தது. பிறகு வாடாமல்லி. பிறகு நீலம். பள்ளி திறந்த பிறகும் குண்டூசி வாராவாரம் வந்தாள். வாடிய தலைகளைக் கிள்ளினாள். கிள்ளிய இடத்தில் மொட்டு வந்தது.

வெயில் வந்தது. சால்வியா பழுப்பாகிச் சோர்ந்தது. குண்டூசிக்குப் பயமாக இருந்தது. அம்மா அதைப் பாதியாக வெட்டித் தண்ணீர் விடச் சொன்னாள். விட்டாள். மறுபடி துளிர்த்தது.

"அண்ணா, கேப்டன் எப்போ வருவான்?"

"வருவான்," என்றார் நர்ஸ் அண்ணன். எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை.

குண்டூசி கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

ஒரு மாலை வாசலில் கார் நின்றது. முதலில் இரண்டு ஊன்றுகோல்கள் வெளியே வந்தன. பிறகு கேப்டன். நின்றான். ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி. குண்டூசியைவிட உயரமாக இருந்தான்.

"டேய், நடக்குற!"

"பின்ன, பறப்பேனா?" என்றான். பாதைக்கு வந்தான். தோட்டத்தைப் பார்க்காமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். "என் கப்பல் எங்க? கொண்டு வாங்க."

"நீதான் நடக்குறியே, இனிமே எதுக்குடா கப்பல்?" என்றார் நர்ஸ் அண்ணன்.

"இது உக்காந்து பாக்குறதுக்குச் செஞ்ச தோட்டம்."

நாற்காலி வந்தது. உட்கார்ந்தான். கண்ணைத் திறந்தான்.

காலடியில் நித்தியகல்யாணி, வெள்ளை நுரையாக. அதன் பின்னால் வாடாமல்லி, ஊதா ஊதாவாக எழுந்து, மெலிந்து, நீலத்துக்குள் நுழைந்தது. நீலம் வளைந்து உள்ளே ஓடியது. எல்லாவற்றுக்கும் பின்னால் புல் இறகுகள். அவற்றில் மாலை வெயில் பற்றிக்கொண்டிருந்தது. காற்று வந்தது. இறகு சாய்ந்தது, நீலம் சாய்ந்தது, ஊதா சாய்ந்தது. தூரத்திலிருந்து ஒரு கடல் அவனை நோக்கி வந்தது. வந்துகொண்டே இருந்தது.

கேப்டன் நாற்காலியில் முன்னால் சாய்ந்தான். 

"என்ன கேப்டன், உத்தரவு எதுவும் இல்லையா?" என்றார் நர்ஸ் அண்ணன்.

பேசக் கூடாது என்பதுபோல் கேப்டன் கையை மட்டும் தூக்கினான்.

குண்டூசி அவன் பக்கத்தில் முழங்காலிட்டு நின்றாள். சரியாக, நாற்காலி உயரத்துக்கு.