விளக்கு வைத்து வளர்த்த டெய்சி

“களைச்செடியைக் காசுக்கு வித்திருக்கீங்க.”

தொட்டியை மேசைமேல் டங்கென்று வைத்தான் அவன். மழையில் நனைந்த சட்டை... பையில் எட்டிப் பார்க்கும் டெஸ்டர். எலக்ட்ரீஷியன்.

நர்சரிக்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டின் முதல் பட்டதாரி. தாவரவியல் படித்தவளிடமே களையா?

“கண்ணு இருக்கா உங்களுக்கு? இலை தண்டைக் கட்டிப் பிடிச்சிருக்கு பாருங்க. இது ஆஸ்டர். இலையுதிர் காலத்துல பூக்கிற டெய்சி.”

சொன்ன பிறகுதான் அவன் கண்களைப் பார்த்தாள். இமை நுனியில் ஒரு மழைத்துளி... விழவா வேண்டாமா என்றிருந்தது. சே, என்ன பார்வை இது?

“அப்போ ஏன் பூக்கல? செடிக்கு மேல லைட்டே போட்டு, விடிய விடிய எரிய விடுறேன்.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். “சாமி, ராத்திரி நீண்டாத்தான் இது மொட்டே வைக்கும். நீங்க அதுக்கு ராத்திரியையே காட்டல.”

“ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுக்கிறேன்... இது மட்டும் வேணாங்குது.”

அன்றிரவே செடிமேல் எரிந்த விளக்கை அணைத்தான். பிறகும் சந்தேகங்களோடு நர்சரிக்கு வந்துகொண்டே இருந்தான்.

“நுனி கிள்ளலாமா?”

“கோடையிலயே கிள்ளிருக்கணும். இப்போ கிள்ளினா மொட்டு போயிடும்.”

சந்தேகம் தீர்ந்த பிறகும், “இன்னும் பூக்கல” என்று வந்தான். ஒருநாள் அவள் அப்பா பார்த்துவிட்டார்.

“வயித்தக் கட்டி உன்னைப் படிக்க வச்சது, கரண்ட் கம்பி பிடிக்கிறவனுக்குக் குடுக்கவா?” அவன் காதில் விழும்படியே கேட்டார்.

அதோடு அவன் வரவில்லை. அவள்தான் அவனுடைய எலக்ட்ரிக் கடைக்குப் போனாள்.

“உங்கப்பா சொன்னது நியாயந்தானே... நான் பத்தாவதுங்க,” என்றான், நிமிராமல்.

“அவர் என் பட்டத்துக்கு மாப்பிள்ளை பாக்கிறாரு. எனக்குப் பாக்கல. உங்களைத்தான் கட்டிப்பேன்னு சொல்லிட்டேன். மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு. இருக்கட்டும், அவர் பிடிவாதந்தான் எனக்கும்.”

“என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?”

“இப்போ கேக்கிறேன்...” அதட்டியே பழகிய குரல் முதல்முறையாகத் தடுமாறியது. “எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு?”

அவன் நிமிர்ந்தான்.

“செடி எப்பவோ பூத்துடுச்சுங்க. சொன்னா, அப்புறம் வர்றதுக்குச் சாக்கு இல்லாமப் போயிடுமேன்னு... சொல்லல.”