சொல்லிவிட்டு அடிக்கும் மணி

திட்டுவதற்காகத்தான் ஓடி வந்தாள் குமுதா. ஆனால் அந்தக் கண்கள்... மழையில் நனைந்த முகத்தில், சிரிக்கலாமா வேண்டாமா என்று காத்திருந்த அந்தக் கண்கள் ஒரு நொடி அவளைத் தடுமாற வைத்துவிட்டன. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"யாரைக் கேட்டு அபாய மணிய அடிச்சீங்க?"

"பொம்பா டிரில், டீச்சர். பிள்ளைங்களுக்குச் சொல்லாம அடிச்சாதானே டிரில்?" என்றான் பொம்பா என்ற மலேசியத் தீயணைப்புப் படையின் வீரன் குணாளன். "டீச்சருங்களுக்குக் காலையிலயே வாட்ஸ்அப் போயிருச்சுலா."

"எனக்கு ஒண்ணும் வரல! உங்க டிரில்லால ஒரு பிள்ளை மேசைக்கு அடியில நடுங்கிட்டு இருக்கா!"

அந்தப் பிள்ளை, இரண்டாம் ஆண்டில் படிக்கும் எட்டு வயதுச் சாந்தினி. போன வருடம் வீடு தீப்பிடித்ததிலிருந்து திடீர்ச் சத்தம் அவளுக்கு ஆகாது. பள்ளிக்கே வரமாட்டேன் என்றவளை, ஆலோசக ஆசிரியை குமுதாதான் மெல்ல மெல்ல வகுப்பில் உட்கார வைத்திருந்தாள். எந்த மணியானாலும் முதலில் குமுதா சாந்தினியிடம் சொன்ன பிறகுதான் அடிப்பார்கள்.

மறுநாள் சாந்தினி வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

கைப்பேசியைப் புரட்டியபோது குமுதாவுக்கு முகம் வெளிறியது. டிரில் செய்தி வந்துதான் இருந்தது. திறந்து பார்க்காதது அவள்தான்! மன்னிப்புக் கேட்க மனம் துடித்தது. வாய்தான் வரவில்லை... வீம்பு.

வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் அவனே நின்றான். சீருடை இல்லை. மழை மட்டும் அதே மழை.

"அந்தப் பாப்பா ஸ்கூலுக்கு வரலன்னு கேள்விப்பட்டேன். இன்னொரு டிரில் வைப்போம், டீச்சர். இந்தத் தடவ மணி பட்டனை அவளே அமுக்கட்டும்."

குமுதா அவனை நிமிர்ந்து பார்த்தாள். தனக்கு இது தோன்றவில்லையே! அன்று மாலையே சாந்தினியின் ஃபிளாட்டுக்குப் போய்க் கேட்டாள்.

"நான் சொன்னாதான் அடிக்கணும்," என்றாள் சாந்தினி.

"நீ சொன்னாதான்."

திங்கட்கிழமை. ஒரு கை குமுதாவின் புடவையைப் பிடித்திருக்க, மறு கை பட்டனில். "ஒண்ணு... ரெண்டு... மூணு!" மணி அலறியது. சாந்தினி கண்ணை இறுக மூடினாள், திறந்தாள்... மொத்தப் பள்ளியும் தன் ஒரு விரலுக்குக் கட்டுப்பட்டுத் திடலில் வரிசையாக நிற்பதைப் பார்த்துக் கலகலவென்று சிரித்துவிட்டாள். குமுதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சாந்தினி வகுப்புக்கு ஓடியதும், குமுதா மெதுவாகச் சொன்னாள். "மெசேஜ் வந்திருந்துச்சு... நான்தான் பாக்கல. சாரி."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"நீங்களே வந்து சொல்வீங்கன்னு பாத்தேன். வரல. அதான் நான் வந்துட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"டீச்சர்... இந்த ஸ்கூல் வழக்கப்படி முன்னாலயே சொல்லிடுறேன். இப்ப ஒண்ணு சொல்லப்போறேன். பயந்துறக் கூடாது."

"...சொல்லுங்க."

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

முன்கூட்டியே சொல்லியும் அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"பயந்துட்டீங்களா?"

"இல்ல," என்றாள் குமுதா, தரையைப் பார்த்தபடி. "எனக்கும்தான்... இன்னொரு தடவ சொல்லுங்க."