கூடத்திலிருந்து வந்த பதில்

“கேஸ் மூடியாச்சா?” என்று தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“மூடியாச்சு” என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. கணவன் குரல்தான், அதே கரகரப்பு. நெஞ்சு ஆறிப்போய், திரைச்சீலையின் ஓரத்தைப் பாதிவரை அடித்துக்கொண்டு போன பிறகுதான் மெஷின் மிதியில் அவள் கால் அப்படியே நின்றது. அவன் காலையிலேயே லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குப் போய்விட்டான்.

வீட்டில் இருந்தாலும் இப்போதெல்லாம் அவன் பதில் சொல்லியிருக்க மாட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவள் எதைக் கேட்டாலும், கேட்ட வாய் மூடுமுன்னே, எழுந்து போய்ப் பார்க்காமலே “ஆச்சு, ஆச்சு” என்று சொல்லி அவளைக் கெடுத்து வைத்ததே அவன்தான். போன மாதம் அவளுடைய பயத்துக்கு வைத்தியம் பார்க்கப் போனபோது டாக்டரம்மா அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

“நீங்க சொல்ற பதிலும் ஒரு மாத்திரைதான். முதல்ல அதை நிறுத்துங்க” என்றவள், இவளிடம் இரண்டு அட்டைகளை நீட்டினாள். “இது தினமும். கேட்கச் சில வாரமாகும். ஆரம்பத்துல படபடப்பு கூடுற மாதிரிகூட இருக்கும், பயந்துபோய் நீங்களா விட்டுடாதீங்க. அந்த இன்னொரு அட்டை சட்டுனு கேட்கும். ஆனா தூக்கம் வரும், பழக்கமாயிடும். தாங்கவே முடியலன்னா மட்டும்.”

ஒழுங்காகத்தான் போட்டு வந்தாள். தனக்காகக்கூட இல்லை. இன்னும் பள்ளிக்கூடம் போகாத பாப்பா, தூங்கப் போகுமுன் பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். இந்தப் பாழாய்ப்போன பயம் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

கணவனுக்குப் போன் போட்டாள். “வீட்டுக்கு வந்தீங்களா?”

“இல்லம்மா, லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிறேன். ஏன்?”

“கேஸ்…”

“ம்ஹூம், சொல்ல மாட்டேன். டாக்டர் திட்டுவாங்க.” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். “இந்த மாத்திரை போட்டா காதுல குரல் கேட்குமா?”

“பொதுவா அப்படி வராதேம்மா. இன்னிக்கே நேர்ல வந்துடுங்க.”

அறையில் தூங்கும் பாப்பா எழுந்ததும் கிளம்பலாம் என்று உட்கார்ந்தாள். மழை இருட்டு ஜன்னல் வழியாக உள்ளே இறங்கி, அடுக்கி வைத்த துணிகளின் கஞ்சி வாசனையோடும் மெஷின் எண்ணெயின் வீச்சத்தோடும் கலந்து, ஆளில்லாத கூடத்தில் சோபாவையும் நாற்காலியையும் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜின் முனகல் நின்றது. இனி எதையும் கேட்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் பழகின வாயாயிற்றே.

“பாப்பா தூங்குறாளா?”

“தூங்க வெச்சாச்சு.”

இப்போது குரல் கூடத்தில் இல்லை. இன்னும் உள்ளே, பாப்பாவின் அறைப் பக்கம்.

படபடப்பு தாங்கவே முடியவில்லை. எழுந்தால் கால் நிற்கவில்லை. அந்த இரண்டாவது அட்டையை எடுத்துவிட்டாள். “போட்டா தூங்கிடுவேனே. பாப்பாவ யாரு பாத்துப்பா?”

“நான் பாத்துக்கிறேன். நீ போட்டுக்கோ.”

எத்தனை வாஞ்சை! ஒரு மாதமாக அவள் ஏங்கிக் கிடந்தது இப்படி ஒரு வார்த்தைக்குத்தான். விழுங்கிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து ஓடினாள். அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பாப்பாவுக்கு அந்தத் தாழ்ப்பாள் எட்டவே எட்டாது.

“கதவைத் திற!”

“பூட்டியாச்சு.”

உள்ளேயிருந்து.

தோளால் இடித்தாள். கத்தினாள். நாற்காலியால் அடித்தாள். கதவு அசையவில்லை.

பிறகு கை கனத்தது. முட்டி மடங்கித் தரையில் சரிந்தாள். படபடப்பு குறைந்தது. ஐயோ, குறைகிறதே! இத்தனை வருஷம் எதை விரட்ட நாயாய் அலைந்தாளோ, அந்தப் பயத்திடமே கெஞ்சினாள். “இப்ப போகாதே. இப்ப மட்டும் போகாதே.”

போய்விட்டது.

கதவின் அடியிடுக்கில் சின்ன விரல்கள் வெளியே வந்தன. அவள் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தன. “அம்மா…”

இன்னொரு கை வந்தது. பெரியது. அவசரப்படவில்லை. அவள் பிடியிலிருந்து அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், பிரித்து எடுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. அவள் நெஞ்சில் துளி படபடப்பு இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.