முந்திக்கொண்ட இருமல்

முதலில் ஹெட்போனில் இருமல் கேட்டது. அதற்கப்புறம்தான் பக்கத்து அறையில் குழந்தை இருமினாள்.

ஹெட்போன் மாட்டியிருந்த அம்மாவுக்குச் சுருக்கென்றது. நேரலை ஒலி எப்போதும் பிந்தித்தான் வரும். அந்தத் தாமதத்தோடுதான் இத்தனை நாளும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தொட்டில் பக்கத்தில் மைக்கை வைத்துவிட்டு, தாய் வேறு அறையிலிருந்து கேட்பதற்காக அவள் எழுதிவரும் செயலி அது. காய்ச்சலில் கிடந்த மகளை விட்டு அலுவலகம் போக முடியாததால், வீட்டிலேயே சோதித்துக்கொண்டிருந்தாள். ஒலியைத் துளியும் குறையாமல் சுருக்கி, மறுபக்கம் அப்படியே விரித்துக் கொடுக்கும் ஆயத்த நிரல், ‘லைப்ரரி’ ஒன்று அதற்குள் ஓடியது. மதியம் பொறுமை தீர்ந்துபோய், அதில் ‘காத்திரு’ என்று சொல்லும் நிரல் வரிகளையெல்லாம் ஒட்டுமொத்தமாகத் தூக்கியிருந்தாள்.

அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ‘பல்லி’யின் வேலையாகத்தான் இருக்கும். அடுத்தவரைச் சீண்டாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. போனில் பிடித்தாள்.

“டேய் பல்லி, என் ஸ்ட்ரீம்ல எதையாவது ஓட்டுறியா? மரியாதையா சொல்லிடு.”

“ஐயோ அக்கா, நான் பஸ்ல ஒத்தக்கால்ல தொங்கிட்டிருக்கேன். அந்த லைப்ரரி சொந்தமா எதையும் சேர்க்காதுக்கா. உள்ள போனதுதான் வெளிய வரும்.”

பஸ் இரைச்சலைக்கூட அவன் ரெக்கார்டிங்கில் ஓட்டியிருக்கலாம்.

ஒரு காதை ஹெட்போனில் அடைத்து, மறு காதைக் கதவிடுக்குப் பக்கம் திருப்பி, தைல வாசனை கசிந்து வந்த அந்த இருண்ட அறையையும் சுவரில் அசைந்த திரைச்சீலையின் நிழலையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஹெட்போனில் கிலுகிலுப்பை விழுந்து உருண்டது. அறையில் சத்தமே இல்லை. ச்சே, பிரமை என்று தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து, குடித்து, மூடி வைத்தபின் அறைக்குள் கிலுகிலுப்பை விழுந்து உருண்டது.

இடைவெளி நீள்கிறது.

அப்போது ஹெட்போனில் கதவு கிறீச்சிட்டது. வெறுங்கால் ஓசை. ஒரு பெண் குரல். அவளுடைய குரல்.

“பாப்பா... எந்திரி கண்ணு. அம்மாவப் பாரு.”

பின்னாலேயே ஓர் அலறல். வாழ்நாளில் அவள் ஒருமுறையும் அலறியிராத அலறல்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். கதவிடுக்கில் குழந்தையின் மூச்சு, கரகரவென்று, கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நான் உள்ளே போனால்தானே அது நடக்கும்? போகமாட்டேன். நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

மூச்சு கேட்டது.

கேட்டது.

கேட்கவில்லை.

எழுந்து ஓடினாள். கதவு கிறீச்சிட்டது. அதே கிறீச். வெறுங்கால். தொட்டில். அசைவில்லை.

வரப்போகும் வார்த்தையைத் தடுக்க இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கு வழியே அது வந்தது.

“பாப்பா... எந்திரி கண்ணு.”