எண்ணெ காஞ்ச சத்தம்

வெள்ளத்தாய் கையில கொதிகஞ்சி கொட்டிருச்சு. அவ அலறுனது புருசன் பால்ச்சாமி காதுக்கு அலறலாக் கேக்கல. எண்ணெ காஞ்ச மெஷின் பேரிங் கிறீச்சிடுற மாதிரி இருந்துச்சு. அவன் வலது கை தன்னால இடுப்புல எண்ணெக் கேனைத் தேடுச்சு.

"என்னய்யா, பாத்துக்கிட்டே நிக்கீக? தண்ணி ஊத்துங்க!"

ஊத்துனான். தோலு வழண்டு கெடந்துச்சு. பொண்டாட்டி கைதான். ஆனா அவனுக்குள்ள ஒண்ணும் அசையல. அதுதான் அவனுக்குப் பயமா இருந்துச்சு.

ராஜபாளையத்துல ஒரு பஞ்சு மில்லுல எண்ணெ போடுற வேலை அவனுக்கு. எந்த மெஷின் கத்துனாலும் ஓடிப்போயி, கேனோட நீள மூக்கை உள்ள விட்டு ஊத்துனா சத்தம் அடங்கிரும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கேன் இடுப்புலயேதான் கெடக்கும். இப்போ சண்டைக்காலம். கூட வேலை பாத்த உக்கிரபாண்டி பட்டாளத்துக்குப் போயிட்டான். அவன் ஷிப்டும் இவன் தலையில. பகல்ல வந்து படுத்தா, பல்லு மொளைக்கிற பிள்ளை தொட்டில்ல கெடந்து ஓயாமக் கத்தும், ஓட்டு வீடு அடுப்பாக் காயும், கண்ணை மூடுனா இமைக்குள்ள பஞ்சுத் தூசி பறக்கும், நாக்குல எண்ணெக் கசப்பு ஏறும், காதுக்குள்ள மெஷின் ஷாப்ட்டு சுத்திக்கிட்டே கெடக்கும். தூக்கம்னா எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு.

முந்தின நாள் ஷிப்டுல, கூட வேலை பாக்குற தங்கச்சாமி கையை மெஷின் பெல்ட்டு இழுத்துருச்சு. தோள் வரைக்கும். அவன் போட்ட சத்தத்துக்கு எல்லாரும் மெஷினை நிப்பாட்ட ஓடுனாங்க. பால்ச்சாமியும்தான் ஓடுனான். ஓடி, பேரிங்குக்கு எண்ணெ விட்டான். பொறவு சக்கரத்துல வடிஞ்ச ரத்தத்தை வேட்டியால தொடச்சான். பெல்ட்டு வழுக்கும்ல.

"ஏலே, நீ மனுசந்தானாலே?"ன்னு மேஸ்திரி செவுள்ல அறைஞ்சாரு. கன்னம் எரிஞ்சுச்சு. அம்புட்டுத்தான்.

இதை வெள்ளத்தாய்கிட்டச் சொல்லிரணும்னு வாயெடுத்தான். அதுக்குள்ள அவ கையில துணியச் சுத்திக்கிட்டு வாசலுக்குப் போயிட்டா.

"வைத்தியர்கிட்ட மருந்து போட்டுட்டு செத்த நேரத்துல வாரேன். பிள்ளையப் பாத்துக்கோங்க."

"ஏட்டி, பிள்ளையத் தூக்கிட்டுப் போயிரு."

"வெந்த கையில எப்படித் தூக்க? பெத்த அப்பன்தானே, கடிச்சா தின்னுரப் போறீக?" சிரிச்சுக்கிட்டே போயிட்டா.

அவன் சொவத்துல முதுகை ஒட்டி உக்காந்தான். தொட்டிலப் பாக்கல. வெளிய வெயிலு கொதிச்சுச்சு. எங்கேயோ ஒரு நாய் குரைச்சு நின்னுச்சு.

கிறீச்.

காதைப் பொத்துனான். அது எம்பிள்ளை. எம்பிள்ளை அழுவுது. திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டான். சொல்லச் சொல்ல அந்த வார்த்தைக்கு அர்த்தம் தேஞ்சுக்கிட்டே வந்துச்சு.

கிறீச். கிறீச்.

எந்திரிச்சான். தொட்டில் மாட்டுன கொக்கியா இருக்கும். கொக்கிக்கு ரெண்டு சொட்டு விட்டான்.

அடங்கல.

கயித்துக்கு விட்டான். அடங்கல. சத்தம் கீழ இருந்துல்ல வருது. குனிஞ்சு தேடுனான். துணிய விலக்குனான்.

ஒரு சின்ன ஓட்டை. ஈரமா. செவப்பா. தொறந்து தொறந்து மூடுச்சு.

கேன் மூக்கை உள்ள விட்டான்.

சாய்ச்சான்.

கொளகொளன்னு ஒரு சத்தம். பொறவு அதுவும் இல்ல.

அப்பாடா. அப்படியே தரையில சாஞ்சான். எத்தனையோ நாளைக்குப் பொறவு தூக்கம் வந்துச்சு. இனிப்பா, கனமா.

வாசக்கதவு தொறந்துச்சு. வெள்ளத்தாய் தொட்டில எட்டிப் பாத்தா.

கிறீச்ச்ச்.

பால்ச்சாமி கண்ணைத் தொறந்தான். இம்புட்டுப் பெருசா ஒண்ணு காஞ்சு கெடக்கா?

கேனைக் குலுக்கிப் பாத்தான்.

இன்னும் எண்ணெ கெடந்துச்சு.