பிக்கப்பில் கிடந்த தக்கை

பிக்கப் வண்டியின் கியருக்குப் பக்கத்தில், கோப்பை வைக்கிற குழிக்குள், மிட்டாய்த் தாள்களுக்கும் தூண்டில் ஈயத்துக்கும் அடியில் அது கிடந்தது. கைக்குட்டையைத் தேடிய ரேவினின் விரலில் தற்செயலாகத்தான் பட்டது. ரப்பர்த் தக்கை. படகுக்குள் சேரும் தண்ணீர் வடியட்டும் என்று பின்பக்கம் அடியில் விட்டிருக்கிறார்களே ஒரு ஓட்டை, அதை அடைக்கிற தக்கை. கடலில் இறக்குவதற்கு முன் அவள் புருஷன் நெவில் அதை மறக்காமல் சொருகுவான். இந்நேரம் அது படகில் இருக்க வேண்டும். படகோ காலையிலேயே கடலுக்குப் போய்விட்டது.

வழக்கமாக அவன் தனியாகத்தான் வருவான். போன வாரம் படகு ஏற்றும் ட்ரெய்லரின் கொக்கியில் மாட்டி வலது கட்டைவிரல் நசுங்கி, நகம் கத்தரிக்காய் நிறத்தில் கறுத்துவிட்டதால் இன்று வண்டியோட்ட அவளும் வந்தாள். படகு இறக்கும் சரிவில், பின்னால் ஆக்லாந்து நகரத்துக் கும்பல் வரிசை கட்டி ஹாரன் அடித்தது. ட்ரெய்லரை நேராகப் பின்னுக்கு இறக்க வராமல் முன்னும் பின்னுமாக அல்லாடினாள். யாரோ சிரித்தார்கள். அந்த எரிச்சலை எல்லாம் நெவில் மேல் கொட்டி, சீக்கிரம் கிளம்பித் தொலையேன் என்று கத்தினாள். அவனும் கிளம்பிவிட்டான். தக்கையின் நினைவு இருவருக்குமே வரவில்லை.

இப்போது சரிவில் ஒரு வண்டிகூட இல்லை. குளிர்காலப் பொழுது சீக்கிரமே மங்கி, அலையாத்திப் புதர்களின் வேர்ச்சேற்றிலிருந்து அழுகல் வாடை எழுந்து வந்தது. மீன் அறுக்கும் மேசையில் உள்ளூர் மீனவர் தமாத்தி மட்டும் ஸ்னாப்பர் மீனின் செதில்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தக்கையைக் கைக்குள் மூடிக்கொண்டு அவரிடம் போனாள். அடித்தக்கை இல்லாமல் ஒரு அலுமினியப் படகு எவ்வளவு தூரம் தாங்கும் என்று கேட்டாள்.

“ஓடிக்கிட்டு இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது ரே,” என்றார் அவர். “நங்கூரத்தப் போட்டுட்டு சாண்ட்விச்சப் பிரிப்பான் பாரு, அப்பத்தான் கீழ் அறை ரொம்பும். ரொம்புனா கல்லு மாதிரி போயிரும்.”

கீழ் அறை அவளுக்குத் தெரியும். நிற்கிற தளத்துக்கும் அடித்தகட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. சுற்றிலும் பற்றவைத்து மூடியது. அந்த ஓட்டையைத் தவிர வேறு வாசல் கிடையாது. விஷயத்தைச் சொல்ல அவள் வாயைத் திறந்தபோது தமாத்தி கத்தி முனையால் கடலைக் காட்டினார்.

“அதோ உன் ஆளு வர்றான். என்ன புடிச்சான்னு மட்டும் கேட்டுறாத, அழுதுருவான்.”

அவர் சிரித்தபடி வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. தெய்வமே என்று வாய்விட்டே சொன்னாள். தக்கை இன்னும் கையில்தான் இருந்தது.

படகு தண்ணீரில் தாழ்ந்து வந்தது. மோட்டார் மேலே தூக்கியிருந்தது, சத்தமே இல்லை. நீரோட்டம் தள்ளிக்கொண்டு வருகிறது என்று நினைத்தாள். கந்தலைத் திணித்து ஓட்டையை அடைத்திருப்பான் என்று நினைத்தாள். வண்டியில் ஏறிப் பின்னுக்கு எடுத்தாள். காலையில் அவ்வளவு பாடுபடுத்திய ட்ரெய்லர் இப்போது யாரோ பிடித்து இழுத்த மாதிரி நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது.

நெவில் இறங்கவில்லை. மழைக்கோட்டுத் தொப்பியை முகம் வரை இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் பைக்குள் நுழைத்து, முன்பலகையில் உட்கார்ந்திருந்தான். ட்ரெய்லரில் ஏறும் படகில் ஆள் இருக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே அவள் உயிரை வாங்கியவன். அவளே முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகை இழுக்கும் விஞ்ச் கயிற்றை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினாள். இரை வாடை இல்லை, பெட்ரோல் வாடை இல்லை, அவன் புகையிலை வாடையும் இல்லை. சேற்று வாடை மட்டும்.

“காலைல கத்துனதுக்குக் கோவமா?”

“இல்ல ரேவின். வீட்டுக்குப் போலாம்.”

ரேவின். கல்யாணத்தன்று பாதிரியார் சொல்லச் சொல்ல அப்படிக் கூப்பிட்டதோடு சரி. அதற்கு முன்னும் பின்னும் அவனுக்கு அவள் ரேதான்.

“தக்க என்கிட்டதான் இருக்கு. எப்படிச் சமாளிச்ச?”

“அடைச்சாச்சு.”

“விரல் எப்படி இருக்கு?”

பைக்குள் கைகள் இன்னும் ஆழமாகப் போயின. “வலியே இல்ல.”

வண்டியில் ஏறிக் கதவைப் பூட்டினாள். எதற்குப் பூட்டினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. சொந்தப் புருஷனைப் பார்த்துப் பயப்படுகிறவளைப் பைத்தியம் என்பார்கள். பிக்கப் முக்கியது. பாசியில் சக்கரம் வழுக்கியது, கிளட்ச் தீய்ந்தது. பஞ்சுப்பொதிபோல் ஏறுகிற அந்தச் சின்னப் படகு இன்று மலையாகக் கனத்தது. பின்னாலிருந்து ஒரு சத்தம். டொக். டொக். மீன் துள்ளுகிறது என்று சொல்லிக்கொண்டாள். தளத்துக்கு மேலிருந்து வருகிற சத்தமாக அது இல்லை. கண்ணாடியில் தொப்பி தெரிந்தது, அசையாமல்.

மேட்டுச் சமதளம். கரையேறிய யாரும் இங்கே நிறுத்தி, ஓட்டையைத் திறந்து தண்ணீரை வடியவிட்டுத்தான் போவார்கள். பூகம்பமே வந்தாலும் நெவில் அதைச் செய்யாமல் போனதில்லை.

“எறங்காத,” பின்னாலிருந்து குரல் வந்தது. “அப்படியே ஓட்டு.”

ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அவன் நெவிலா இல்லையா என்று தெரியாமல் அவனோடு ஒரே வீட்டுக்குள் போக அவளால் முடியாது. இறங்கினாள். எஞ்சினை அணைக்கவில்லை. போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு படகின் பின்னால் போய்க் குனிந்தாள். கந்தலாகத்தான் இருக்கும். பிடுங்கிவிட்டால் தண்ணீர் கொட்டும். கொட்டினால் போதும், சிரித்துவிடுவாள்.

கந்தல் இல்லை.

ஓட்டைக்குள்ளிருந்து ஒரு கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து. இறுக்கமாக. சுற்றிலும் துளித்துளியாகத் தண்ணீர் கசிந்தது.

நகம் கத்தரிக்காய் நிறம்.

தொட்டாள். சில்லென்று இருந்தது. அது மெல்ல வளைந்து அவள் சுண்டுவிரலைப் பற்றிக்கொண்டது. டொக் என்றது தகடு, ஒரே ஒரு தடவை, அவள் முகத்துக்கு நேராக.

தலைக்கு மேல் படகு ஆடியது. விளிம்பில் ஒரு கை வந்து பதிந்தது. பிறகு இன்னொன்று. இரண்டு கட்டைவிரல்களிலும் நகம் வெள்ளைவெளேரென்று இருந்தது.

“அத உள்ள தள்ளிட்டு,” என்றது நெவிலின் குரல், “தக்கையப் போடு, ரே.”

அவளைப் பற்றியிருந்த விரல் இன்னும் இறுகியது.