இன்னும் நாற்பது நிமிடம்

மதியம் இரண்டு பத்துக்கு விமானம் தரையிறங்கியிருக்க வேண்டும்.

இரண்டே காலுக்கு அவள் மேசை ரேடியோவில் தம்பியின் குரல் வந்தது. "அக்கா, இன்னும் நாப்பது நிமிஷம். நூத்தியெம்பது கிலோமீட்டர்."

"இவ்வளவு நேரம் என்னடா பண்ணின? தூங்கிட்டியா?"

"ஆமா. கனவுல நீ திட்டிட்டு இருந்த."

அவள் சிரித்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சரக்கு ஏற்றும் சிறிய விமானம். உள்ளே அவன் ஒருவன்தான். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே கடல், முந்நூற்றிருபது கிலோமீட்டர், ஒரு மணி பத்து நிமிடம். தூரத்தையும் எதிர்க்காற்றையும் பார்த்து எவ்வளவு எரிபொருள் வேண்டுமென்று சொல்வது அவள் வேலை. தேவைக்கு மேலேயும் கொஞ்சம் போடச் சொல்வாள். இன்றும் சொல்லியிருந்தாள்.

மூன்று மணிக்குக் கேட்டாள். "எங்க இருக்க?"

"கடலுக்கு மேல. ஒரே வெள்ளையா இருக்கு. இன்னும் நாப்பது நிமிஷம்."

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து பேசினார்கள். அவர்களின் திரையில் எந்த விமானமும் இல்லை. தேட ஆள் அனுப்பியாயிற்று. அவள் குளிர்சாதனத்தை நிறுத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் பழைய கம்பள வாடையும் அறையை நிறைக்க, ரேடியோவில் காதை வைத்து அவன் மூச்சையும் மூச்சுக்குப் பின்னால் இருக்க வேண்டியதையும் தேடினாள்.

இயந்திரச் சத்தம் இல்லை.

அவன் கிளம்பிய ஊரில் எரிபொருள் நிரப்புகிறவரைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"நானே என் கையால ஊத்தினேம்மா. நீங்க சொன்ன அளவுதான். மூணரைக்கு மேல ஒரு சொட்டு இருக்காது."

மணி நான்கு.

"அக்கா, இன்னும் நாப்பது நிமிஷம்."

"எண்ணெய் எவ்வளவுடா காட்டுது?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

அலைவரிசை திறந்தே கிடந்தது. உள்ளே தண்ணீர் தளும்புவதுபோல ஏதோ சத்தம்.

ஐந்து மணிக்கு எரிபொருள்காரரே அழைத்தார். குரல் உடைந்திருந்தது. "மீன்பிடிப் படகுக்காரங்க விமானத்தைப் பாத்திருக்காங்கம்மா. பாதி வழி கூட வரல. தம்பி உள்ளயேதான்... பெல்ட்டோட..."

தொலைபேசியை வைத்தாள். ரேடியோவை அணைத்தாள். மின்கம்பியைப் பிடுங்கினாள்.

அழுகை வரவில்லை. ஜன்னலுக்குப் போனாள்.

ஓடுபாதை காலி. மாலை வெயில். வானத்தில் ஒரு பறவைகூட இல்லை.

ஓடுபாதையின் கடைசியில் ஒரு நிழல் தரையைத் தொட்டது. இரண்டு இறக்கை. ஒரு வால். சத்தமில்லாமல் ஓடி வந்தது. மெதுவானது. திரும்பியது. கட்டடத்தின் பக்கம்.

மேலே எதுவும் இல்லை.

நிழல் ஜன்னலுக்குக் கீழே நின்றது. அதிலிருந்து இன்னொரு நிழல் இறங்கியது. சிமெண்டுத் தரை ஈரமானது. ஈரம் வாசல்வரை வந்தது. அப்புறம் படிக்கட்டு. அப்புறம் நடைவழி.

உப்பு வாடை.

அவள் திரும்பவில்லை. கண்ணாடியில் அவள் முகம். அவள் தோளுக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"திரும்பிப் போகணும்க்கா. ரெண்டு பேருக்கு எண்ணெய்க் கணக்குப் போடுறியா?"